வானிலைத் துறையின் புயல் அறிவிப்பு: உரக்கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஓட்டலுக்கு மதிப்பீடு எழுதுகிறோம், மிக்சிக்கு எழுதுகிறோம், பஸ் சர்வீசுக்குக்கூட எழுதுகிறோம். உயிரும் பயிரும் நம்பியிருக்கிற ஒரு சேவைக்கு இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. காசு வாங்காத சேவை என்பதால் விட்டுவிட்டோமோ என்னவோ. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிவிப்புகளை நான் தவறாமல் படிக்கிறவள். அதில் எது உருப்படியானது, எதை எப்படிப் படிக்க வேண்டும், எது மாற வேண்டும் என்று எழுதுகிறேன். டெல்டாக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம். உரம், விதை, பூச்சி மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் கடலுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர்கள் எங்களுடையவை. ஐப்பசி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் மூட்டை விலையைக் கேட்பதற்கு முன்னால் மழையைக் கேட்பார்கள். மேலுரம் இன்றைக்குப் போடலாமா, நாளைக்குக் கொட்டித் தீர்த்து எல்லாம் வடிகாலோடு போய்விடுமா என்பது அவர்களுக்குப் பணப் பிரச்சினை. அதனால் அறிவிப்பைச் சரியாகப் படித்துச் சொல்லவேண்டிய கடமை என் தலையில் விழுந்துவிட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயல் எங்கே வரும் என்று சொல்வதில் இந்தச் சேவை மிக நன்றாக இருக்கிறது. எவ்வளவு வலுவாக வரும் என்பதை நாம்தான் ஒரு படி கூட்டிப் படிக்க வேண்டும். அதற்குக் காரணம் துறையின் குறை இல்லை, கடல் சூடாகிக்கொண்டே போவது. மழை அளவைச் சொல்லும் முறையில் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும்.

முதலில் நமக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். டெல்லியில் இருக்கும் மண்டல சிறப்பு வானிலை மையம் இந்தியாவோடு சேர்த்து 13 நாடுகளுக்குப் புயல் தகவல் கொடுக்கிறது. சென்னை மையம் நமக்குத் தமிழில் தருகிறது. 72 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முன்கண்காணிப்பு, 48 மணி நேரத்தில் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரத்தில் எச்சரிக்கை, கடைசி 12 மணி நேரத்தில் கரை கடந்தபின் உள்ளே என்ன ஆகும் என்ற அறிவிப்பு. இப்படி நான்கு கட்டம். புயலாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை வரும். கரையை நெருங்கும்போது மணிக்கு ஒன்று. கூடவே போகும் பாதையை ஒரு கோடாகவும், அது எந்தப் பக்கமெல்லாம் விலகலாம் என்பதை அகன்றுகொண்டே போகும் கூம்பாகவும் வரைந்த படம்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த நடுக்கோட்டைத்தான் பார்ப்பார்கள். "கடலூர்ப் பக்கம் போவுது, நமக்கில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். கோட்டை விட்டுவிட்டுக் கூம்பைப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். 2015 முதல் 2019 வரையான சராசரியை எடுத்தால், 24 மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன இடத்துக்கும் உண்மையில் புயல் இருந்த இடத்துக்கும் வித்தியாசம் சுமார் 80 கிலோமீட்டர். உலகத்தரமான கணிப்பு இது, சந்தேகமே இல்லை. ஆனால் வேதாரண்யத்திலிருந்து 80 கிலோமீட்டர் வடக்கே போனால் காரைக்காலே தாண்டிவிடும். கூம்புக்குள் நம் ஊர் இருந்தால் நமக்கு வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது காரைக்கால் ரேடார் படம். போனில் திறந்தால் நடுவில் காரைக்கால், சுற்றி வட்டம் வட்டமாகத் தூரக்கோடுகள், அதன்மேல் மழை நிறம் நிறமாக. நீலமும் பச்சையும் தூறல், சாதாரண மழை. மஞ்சளும் ஆரஞ்சும் வந்தால் வலுத்த மழை. சிவப்பு வந்தால் வெளியே காயும் நெல்லைக் கூட்டிவிட வேண்டியதுதான். ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அடுத்தடுத்து வரும் படங்களைப் பார்த்தால் மழைப்பட்டை கோடியக்கரையைத் தொட்டுத் திரும்புகிறதா, நேராக ஏறி வருகிறதா என்று தெரியும். புயல் கரைக்கு வரும்போது அந்தப் பட்டைகள் வளைந்து ஒரு மையத்தைச் சுற்ற ஆரம்பிக்கும். மையத்தில் நிறமே இல்லாத ஒரு வெற்றிடம் தெரிந்தால் அதுதான் கண். அந்தக் கண் தெளிவாகவும் வட்டமாகவும் ஆகிக்கொண்டே வந்தால் புயல் வலுக்கிறது என்று பொருள். இதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நன்றாகவே பார்க்கிறார்கள்.

இனி வலு. இங்கேதான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

புயலுக்குத் தீனி கடலின் சூடு. மேல்மட்ட நீர் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் அது உருவாகவே முடியும். சூடான நீர் ஆவியாகிறது, மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது, அப்படி மேகமாகும்போது உள்ளே பிடித்துவைத்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. அந்த வெப்பத்தில் காற்று இன்னும் வேகமாக மேலே ஏறுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றியிருக்கும் ஈரக்காற்று அந்த இடத்துக்கு ஓடி வருகிறது. கடல் எவ்வளவு சூடோ அவ்வளவு விறகு அடுப்பில் இருக்கிறது. இதற்கு ஒரு தடையும் உண்டு. புயலின் காற்று கடலைக் கலக்கி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும், அப்போது புயல் தானாகவே தளரும். சூடான நீர் ஆழம்வரை இருந்தால் கலக்கினாலும் மேலே வருவது சூடான நீராகவே இருக்கும். அங்கே தடை வேலை செய்யாது.

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்மட்டம் 1951 முதல் 2015 வரை சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் இருக்கிறது இது. அதிலேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கக் கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை 1951-லிருந்து குறைந்திருக்கிறது, ஆனால் 2000 முதல் 2018 வரையான காலத்தில் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் வரும் மிகத் தீவிரப் புயல்கள் பத்தாண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடியிருக்கின்றன. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் சொன்னதும் இதே திசைதான்: உலக அளவில் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த புயல்களில் பெரும்புயல்களின் பங்கு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கும். வருவது எவ்வளவு பெரிதாக வருகிறது என்று பார்த்தால் அந்த நிம்மதி போய்விடும்.

கடைக்கு வரும் பெரியப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ஏன் தங்கச்சி, 77-ல வந்துச்சே, அது எந்தக் காலநிலை மாத்தத்துல வந்துச்சு?" என்றார். நியாயமான கேள்வி. 1952-ல் நாகப்பட்டினத்தில் அடித்தது, 1964-ல் தனுஷ்கோடி போனது, 1977 நவம்பரில் மறுபடி நாகப்பட்டினம். புயல் இந்தக் கடலுக்குப் புதிதில்லை. "பெரியப்பா, புயல் அன்னிக்கும் வந்துச்சு, இன்னிக்கும் வருது. அன்னிக்கு இருந்த கடலவிட இன்னிக்கு இருக்குற கடல் சூடு கூட. அதே புயல் இப்ப வந்தா இன்னும் கொஞ்சம் பலமா, இன்னும் கூட மழையோட வரும்" என்று சொன்னேன். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்றும் அறிவியலாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உலகம் 2 டிகிரி சூடானால் புயல்களின் உச்சக்காற்று சராசரியாக 5 சதவீதம் கூடும், மழை 14 சதவீதம் கூடும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பு. 5 சதவீதம் கேட்கச் சின்னதுதான். ஆனால் காற்றின் நாசவேலைத் திறன், வேகத்தை மூன்று தடவை ஒன்றோடொன்று பெருக்கிய கணக்கில் ஏறும். 5 சதவீத வேகம் கூடினால் திறன் கிட்டத்தட்ட 16 சதவீதம் கூடிவிடும். ஒட்டுமாஞ்செடியா முருங்கையா என்று காற்று பார்க்கப்போவதில்லை.

அட்லாண்டிக் கடலில் இதைப் புயல் புயலாகவே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஹரிக்கேன் என்கிறார்கள், நம்முடைய புயலும் அதுவும் ஒரே ஜாதிதான். 2019 முதல் 2023 வரை வந்த ஹரிக்கேன்களின் உச்சக்காற்றை, கடல் சூடானது சராசரியாக மணிக்கு 29 கிலோமீட்டர் அளவுக்குக் கூட்டியிருக்கிறது என்று 2024-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நமக்கு 29 கிலோமீட்டர் என்றால் புயல் என்ற பெயரிலிருந்து தீவிரப் புயல் என்ற பெயருக்குப் போகிற தூரம்.

இன்னொரு மாற்றம்தான் எச்சரிக்கை கொடுப்பவர்களுக்குப் பெரிய தலைவலி. குறுகிய நேரத்தில் திடீரென்று வலுப்பது. 24 மணி நேரத்தில் காற்று மணிக்கு 55 கிலோமீட்டர் கூடினால் அதை அதிவேக வலுப்பெறுதல் என்று கணக்கில் வைக்கிறார்கள். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவை அடித்த ஓட்டிஸ் ஒரே நாளுக்குள் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகை, அதாவது உச்சவகை ஹரிக்கேனாக மாறியது. அந்த ஊர் மக்கள் படுக்கப் போகும்போது கேட்ட செய்தியும் விடியும்போது பார்த்ததும் வேறு வேறு. 2025 அக்டோபர் 28 அன்று ஜமைக்காவில் கரையேறிய மெலிசா மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் காற்றோடு வந்தது. நம் வங்கக்கடலில் 2020 மே மாதம் உம்பன் சில நாட்களிலேயே சூப்பர் புயலானது. 2017 ஒக்கி கன்னியாகுமரி பக்கத்தில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக இருந்து சில மணி நேரத்தில் புயலாகிவிட்டது. கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதனால்தான் சொல்கிறேன், பாதைக் கணிப்பை நம்புகிற அளவுக்கு வலுக் கணிப்பை அப்படியே நம்பி உட்கார முடியாது. பாதையைத் தள்ளிக்கொண்டு போவது மேலே வீசும் பெரிய காற்றோட்டங்கள், அவை கணினி மாதிரிகளில் நன்றாகத் தெரிகின்றன. வலுவை முடிவு செய்வது கண்ணைச் சுற்றியிருக்கும் சில கிலோமீட்டர் மேகச்சுவரும் அடியிலிருக்கும் கடல்சூடும். உலகம் முழுக்கவே வலுக் கணிப்பு பாதைக் கணிப்புக்குப் பின்னால்தான் வருகிறது.

கஜாவை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 11-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். கடலிலேயே சுற்றித் திரும்பி மெதுவாக வந்தது. கரையை நெருங்கிய கடைசி நாளான 15-ஆம் தேதிதான் தீவிரப் புயலானது. 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, 12.30-க்கும் 2.30-க்கும் இடையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியது. அன்றைய அறிக்கைப்படி காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120. நேரமும் இடமும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால்தான் கரையோர ஜனங்கள் பல்லாயிரம் பேர் முகாமுக்குப் போயிருந்தார்கள். அந்த எச்சரிக்கை இல்லாமலிருந்தால் உயிர்ச்சேதம் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இந்தச் சேவைக்கு நான் நன்றியோடு மதிப்பெண் போடுவது அந்த ஒரு ராத்திரிக்காக.

அன்று முதலில் அடித்தது வாடைக்காற்று. பிறகு கொஞ்ச நேரம் ஓய்ந்தது. தெருவில் சிலர் கதவைத் திறந்து டார்ச்சோடு வெளியே வந்தார்கள். 77-ஐப் பார்த்த என் மாமனார், "உள்ள போங்க, திருப்பி அடிக்கும்" என்று திண்ணையில் நின்று கத்தினார். அப்புறம் தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. வடக்கேயிருந்து வந்த காற்றில் தெற்குப் பக்கம் சாய்ந்து வேர் இளகி நின்ற தென்னைகளை அந்த இரண்டாவது காற்று எதிர்ப்பக்கம் பிடித்து இழுத்தது. விடிந்து பார்த்தால் சில மரங்கள் வேரோடு குழி விட்டுப் படுத்திருந்தன. சில நடுத்தண்டில் முறுக்கி ஒடிந்து, உள்நார் முழுக்க வெளியே பிரிந்து தொங்கியது. தண்டைத் தொட்டால் ஈரம் இன்னும் சில்லென்று இருந்தது. பாளை விட்டிருந்த மரங்கள், காய்ப்புக்கு வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தன. தென்னை போனால் ஒரு தலைமுறை வருமானம் போகிறது. கண் கடக்கும்போது வரும் அந்த ஓய்வைப் பற்றி அறிவிப்புகளில் ஒரு வரி இருக்கும். அதைப் பெரிய எழுத்தில், தனியாக, தமிழில் போட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, பெயர்கள். மணிக்கு 89 கிலோமீட்டர் காற்றும் தீவிரப் புயல்தான், 117-உம் தீவிரப் புயல்தான். ஆனால் காற்று ஒரு சுவரையோ மரத்தையோ அழுத்தும் விசை, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய கணக்கில் ஏறும். 89-க்கும் 117-க்கும் நடுவே அந்த விசை கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடிவிடுகிறது. 89-ல் தாங்கிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை 117-ல் தாங்காது. அதனால் பெயரைக் கேட்டுவிட்டு டிவியை அணைக்காதீர்கள். அறிக்கையில் "இடையிடையே" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைத் தேடிப் படியுங்கள். கூரையைப் பிய்ப்பது அந்த எண்தான்.

மூன்றாவது, கரையேறிய பிறகு. புயல் கரைக்கு வந்ததும் செத்துவிடும் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். தீனி கடலில் இருக்கிறது, நிலத்தில் ஏறினால் தீனி இல்லை, தளரும். உண்மைதான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் தளரும் என்பது மாறிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் ஒகினாவா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லின் லி, பினாகி சக்ரவர்த்தி இருவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு வட அட்லாண்டிக் ஹரிக்கேன்களைப் பார்த்தது. 1960-களின் கடைசியில் ஒரு ஹரிக்கேன் கரையேறிய முதல் நாளிலேயே வலுவில் 75 சதவீதத்தை இழந்தது, இப்போது சுமார் 50 சதவீதத்தைத்தான் இழக்கிறது. சூடான கடலிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொண்டு வந்த ஈரம் நிலத்திலும் அதற்குச் சோறு போடுகிறது. அது அட்லாண்டிக் கணக்கு, நம் கடலுக்கு அப்படியே பொருத்த நான் வரவில்லை. ஆனால் கஜா நாகப்பட்டினம் கரையில் ஏறி, உள்மாவட்டங்களையெல்லாம் கடந்து, மேற்கே அரபிக்கடல்வரை போனதை நாம் பார்த்தோம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைக்காரர்கள் கரையோர அறிவிப்பு நமக்கில்லை என்று இருந்துவிடக் கூடாது. கரை கடந்தபின் என்ன ஆகும் என்று சொல்லும் அந்தக் கடைசிக் கட்ட அறிக்கை உள்மாவட்டக்காரர்களுக்காகவே வருகிறது. அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

இப்போது மழை. இதில்தான் எனக்குக் குறை.

வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை. அதற்குமேல் அளவு குறித்த வேறு எச்சரிக்கைப் படியே இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 66-உம் அதி கனமழை. 21 பெய்தால் வயலில் தண்ணீர் தேங்கும், வடித்துவிடலாம். 66 பெய்தால் வரப்பே தெரியாது. இரண்டுக்கும் ஒரே நிறம் என்றால் நான் கடையில் உட்கார்ந்து என்ன சொல்வது? ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். ஆகவே கூடப்போவது மேல்முனைதான், அதற்குத்தான் படி இல்லை. 30, 50 என்று இன்னும் இரண்டு படிகளாவது வேண்டும்.

புயலின் பெயர் சின்னதாக இருந்தால் மழையும் சின்னதாக இருக்கும் என்று நினைப்பதும் ஆபத்து. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் வெறும் 'புயல்' வகைதான். கரையேறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 48-க்கும் மேல். 2025 நவம்பர் கடைசியில் டிட்வாவும் 'புயல்' வகையைத் தாண்டவில்லை. இலங்கையில் மழையும் மண்சரிவுமாக 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றுவிட்டுத்தான் நம் பக்கம் வந்து தளர்ந்தது. அமெரிக்காவில் 2017-ல் ஹார்வி ஒரே இடத்தில் நின்று டெக்சாசின் நீடர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 153 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. டெல்டாவின் பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அந்த மழையில் சுமார் 15 சதவீதமாவது உலகம் சூடானதால் கூடியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்தப் பதினைந்து சதவீதம் ஏற்கெனவே நிரம்பிய வாய்க்காலின் மேல் வருகிறது. கரை உடைப்பது அதுதான்.

எங்கள் பக்கம் இன்னொரு சங்கடம் உண்டு. மழை நின்றாலும் தண்ணீர் வடியாது. புயலின்போது கடல் ஏறி நிற்கும். "கடல் தண்ணிய வாங்க மாட்டேங்குது" என்பார்கள். முகத்துவாரத்தில் கடல் நீர் எதிர்த்து ஏற, அடப்பாற்றுத் தண்ணீர் அங்கேயே நிற்கும். வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். வட இந்தியப் பெருங்கடல் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. தரைமட்டமான டெல்டாவில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, விரல்கணக்கில்தான். கடல்மட்டம் உயர உயர வடிகாலின் வாட்டம் குறைகிறது. எவ்வளவு மழை என்பதோடு, கடல் எப்போது வாங்க ஆரம்பிக்கும் என்பதையும் தாலுகா வாரியாகச் சொன்னால் எங்கள் ஊர் விவசாயிகளுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. இப்போது மாவட்டம் முழுக்க ஒரே நிறம் அடிக்கிறார்கள். கீழையூரும் வேதாரண்யமும் ஒரே மாதிரி வடிவதில்லை.

மற்ற சேவைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டி செயலி பார்க்க அழகு, காற்றோட்டம் கண்ணெதிரே ஓடும். ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை கூடும், வேறு வேறு காட்டினால் இன்னும் முடிவாகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதில் தெரியும் காற்று வேகத்தை உச்சமென்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய மாதிரி இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது, ஒரு கட்டம் 9 கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் அகலக் கண் அதில் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும், கண்ணைச் சுற்றிய மேகச்சுவரில் வீசும் உண்மை வேகம் அதில் வராது. தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலி தமிழிலேயே இருக்கிறது, வயதானவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள். மேகதூத் செயலி செவ்வாயும் வெள்ளியும் பயிர் ஆலோசனை தருகிறது, சாதாரண நாட்களுக்கு நல்லது. போனோடு வரும் செயலி ஒன்று, பெயர் வேண்டாம், கொட்டும் மழையில் "லேசான மேகமூட்டம்" என்று காட்டுகிறது, புயல் நாளில் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். "ராட்சசப் புயல், டெல்டா காலி" என்று தலைப்பு வைக்கும் வீடியோக்களும் அப்படித்தான். பத்து தடவை பயமுறுத்திவிட்டால் பதினோராவது தடவை உண்மையான எச்சரிக்கைக்கு யாரும் அசைய மாட்டார்கள். உயிரை வைத்துச் செய்யும் வியாபாரம் அது, எனக்குப் பொறுக்கவில்லை.

என் கடையில் நான் எப்படிச் சொல்கிறேன் என்று கேட்டால், கூம்புக்குள் நம் ஊர் வந்தாலே மேலுரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அறிக்கை புயல் என்றால் தீவிரப் புயலுக்கு ஆயத்தமாகுங்கள், தீவிரம் என்றால் மிகத் தீவிரத்துக்கு. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, முற்றிய காயையும் கனத்த பழைய மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். தலைப்பாரம் குறையும், காய்ந்த மண்ணில் வேர் பிடிக்கும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15, புயல் பெயர் வைக்கிறவரை காத்திருந்தால் தேதி போய்விடும். தாழ்ந்த வயல்காரர்கள் அடுத்த சம்பாவுக்கு சி.ஆர்.1009 சப்-1 நெல் ரகம் வாங்குங்கள், இளம் பயிர் இரண்டு வாரம்வரை மூழ்கியிருந்தாலும் தாங்கி எழுந்துவிடும். தண்ணீர் வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். மூழ்கிய வயலில் போட்டால் வீண், வடிந்த பிறகுதான்.

மதிப்பெண் கேட்டால், பாதைக்கும் நேரத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. ரேடாருக்கும் ஐந்து. வலுவுக்கு மூன்றரை, அதில் குறைந்த ஒன்றரை சூடான கடலின் கணக்கில் எழுத வேண்டியது. மழைப் படிகளுக்கு இரண்டரை. 20.4 சென்டிமீட்டருக்கு மேல் இன்னும் இரண்டு படி வைத்த அன்றைக்கு அதை நாலாக மாற்றி எழுதுகிறேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள். கரண்ட் போனால் போனில் தேட முடியாது.